பில்லை இங்கே கொண்டாங்க!

டிசம்பர் கடைசி வாரம் வந்தாலே மும்பைக்கு ஒரு மாதிரி ஜுரம் வந்துவிடும். குளிரால் இல்லை. இங்கே குளிர் என்பது ஃபேனை ஐந்திலிருந்து ரெண்டுக்குக் குறைக்கலாம் என்கிற சலுகை மட்டும்தான் :-) பிள்ளைகளுக்கு லீவு, ஆபீசில் பாதிப் பேர் இல்லை, கையில் தீபாவளி போனஸின் மிச்சம். "எங்கேயாவது போகலாமே" என்று வீட்டில் ஒரு குரல் கிளம்பும். தீபாவளியில் பிடித்த இந்தக் காய்ச்சல் பொங்கல் முடிந்துதான் இறங்கும்.

ஊருக்குப் போக டிக்கெட் கிடைத்தவர்கள் பாக்கியவான்கள். நாகர்கோவில் எக்ஸ்பிரஸ், தாதர்-திருநெல்வேலி வண்டி எல்லாம் இந்த சமயத்தில் புக்கிங் திறந்த கொஞ்ச நேரத்திலேயே வெயிட்டிங் லிஸ்டுக்குப் போய்விடும். முன்பு 120 நாளைக்கு முன்னால் புக் பண்ண வேண்டும். 2024 நவம்பர் 1 முதல் அதை 60 நாளாக்கிவிட்டார்கள். நாள் குறைந்ததே தவிர வெயிட்டிங் லிஸ்ட் குறையவில்லை. டிக்கெட் கிடைக்காத எங்களைப் போன்றவர்களுக்கு இருக்கவே இருக்கிறது ராணி பாக் பென்குயின், எலிஃபண்டா படகு, ஜூஹு பீச். எதற்குப் போனாலும் கடைசியில் சாயந்திரம் ஒரு மாலில் போய் முடியும்.

இந்தப் பதிவு எங்கே போவது என்பதைப் பற்றி இல்லை. சாப்பிட்டு முடித்ததும் சர்வர் ஒரு கறுப்பு அட்டையை மேசையில் வைத்துவிட்டு நைசாக நகர்வாரே, அதைப் பற்றி. அந்தப் பில்லை யார் கொடுப்பது? "இதென்ன கேள்வி, சம்பாதிக்கிறவன் கொடுக்கணும்" என்றுதான் நானும் இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பு என்று தெரிந்துகொள்ள ரொம்ப நாள் ஆனது.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2003-ல் ஒரு சூட்கேஸோடு மும்பைக்கு வந்தபோது எனக்குத் தெரிந்த ஒரே விலாசம் தாராவியில் இருந்த சித்தப்பா வீடு. வீடு என்றால் ஒரே ரூம், மேலே ஒரு பரண். சித்தப்பா, சித்தி, தம்பி, நான். பரண் எனக்கு. பதினாலு மாசம் அங்கே இருந்தேன். ஒரு ரூபாய் வாங்கவில்லை அவர்.

சித்தப்பாவுக்கு இட்லி வியாபாரம். மும்பையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலையில் சைக்கிளில் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை "பாம் பாம்" என்று அமுக்கியபடி வருவார்களே, அந்த வியாபாரம். அப்படி வருகிறவர்களில் நிறையப் பேர் தாராவித் தமிழர்கள். ராத்திரி ரெண்டரை மணிக்கு எழுந்து, சித்தி சட்னிக்கு அரைக்க, சித்தப்பா இட்லி அவிக்க, ஆறு மணிக்கு முன்னால் வண்டி சயான் பக்கம் கிளம்பிவிடும். பரணில் படுத்திருக்கும் எனக்கு இட்லி ஆவிதான் அலாரம்.

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, "வாடே, உனக்கு ஒரு இடம் காட்டுதேன்" என்று மாட்டுங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஸ்டேஷனை ஒட்டிய மார்க்கெட் கட்டடத்தின் மாடியில் இருக்கிற ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங். 1942-ல் ஆரம்பித்தது. மாட்டுங்காவில் இந்த வயசுக் கடைகள் நிறைய. ராம் ஆஷ்ரயா 1939, கஃபே மெட்ராஸ் 1940. எல்லாமே அந்தக் காலத்தில் டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் பாஸ் பண்ணிவிட்டு பம்பாய்க்கு ரயில் ஏறிய தென்னிந்தியப் பையன்களை நம்பி வளர்ந்தவை. சமைத்துப்போட ஆள் இல்லாதவனுக்கு வேளைக்குச் சோறு. போர்டிங் என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது.

அங்கே முதலில் காசு கொடுத்துக் கூப்பன். அப்புறம்தான் சாப்பாடு. தட்டுச் சாப்பாடு ஒரு விலை, இலையில் வேண்டிய மட்டும் சாப்பிட ஒரு விலை. இலை முன்னால் உட்காரும்போது பில் பற்றிய கவலை முடிந்துபோயிருக்கும். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் நம் கையில் இல்லை. அன்றைக்கு ரெண்டு இலைக் கூப்பனுக்கு சித்தப்பாதான் பணம் கொடுத்தார். சட்டைப் பையிலிருந்து பத்து ரூபாய் நோட்டுகளாக எண்ணி எண்ணி. ரசம் ஊற்றும்போது ஒன்று சொன்னார்.

"எழுபத்தெட்டுல நான் வந்த புதுசுல இந்தப் படி ஏறவே யோசிச்சேன்டே. யாரும் ஏதும் கேட்டிருவாங்களோன்னு. கூப்பன் வாங்கினேன், உக்காந்தேன், இலை போட்டான். நீ யாரு, எந்தத் தெருன்னு ஒருத்தன் கேக்கல."

ஊரில் எந்தக் கடையில் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று தெரிந்து வளர்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சமாச்சாரம் என்று புரியும். மற்றவர்களுக்கு விளக்க எனக்குத் தெம்பு இல்லை. விட்டுவிடுகிறேன்.

அப்புறம் எனக்கு நல்ல வேலை கிடைத்தது. கல்யாணம் ஆனது. செம்பூரில், சேடா நகர் முருகன் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் ஃப்ளாட். தாராவிக்கும் செம்பூருக்கும் நடுவே ரொம்ப தூரமெல்லாம் கிடையாது. ஆனால் மும்பைத் தமிழர்களுக்குத் தெரியும், கிலோமீட்டரில் அளக்கிற தூரம் இல்லை அது. ரெண்டு பக்கமும் தமிழ்தான் பேசுகிறார்கள். இந்தப் பக்கம் ஃபைன் ஆர்ட்ஸ் கச்சேரி, அந்தப் பக்கம் கோயில் கொடை. ஒருத்தர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருத்தர் போவது அபூர்வம்.

நான் அப்படி இருக்கக் கூடாது என்று முடிவு பண்ணியிருந்தேன். நன்றி மறக்காதவன் இல்லையா! அதனால் வருஷா வருஷம் லீவு சீசனில் சித்தப்பா குடும்பத்தை நல்ல ஹோட்டலுக்குக் கூட்டிக்கொண்டு போவது என்று வைத்துக்கொண்டேன். தங்கமணியும் சந்தோஷமாகத்தான் வருவார். அவருக்கும் ஒருநாள் அடுப்படிக்கு லீவு.

2023 டிசம்பரில் ஒரு மாலில் பெரிய ரெஸ்டாரன்ட். பெயர் வேண்டாம். நாங்கள் மூன்று பேர், சித்தப்பா சித்தி, தம்பி, அவன் மனைவி, ரெண்டு பிள்ளைகள். மொத்தம் ஒன்பது தலை. மெனு கார்டை வாங்கிய சித்தப்பா வலது பக்கத்தை மட்டும்தான் பார்த்தார். வலது பக்கம்தானே விலை! "எனக்கு ஒரு சூப் போதும்டே, மத்தியானம் சாப்பிட்டதே நெஞ்சுல நிக்கி" என்றார். நான் விடுவேனா? வந்த சர்வரிடம் அவருக்கும் சேர்த்து நானே ஆர்டர் பண்ணினேன். மனசில் என்னைப் பற்றி எனக்கே ஒரு பெருமிதம்.

பில் வந்தது. சாப்பாடு 7,800. சர்வீஸ் சார்ஜ் பத்து சதவீதம் 780. ரெண்டையும் கூட்டி அதன் மேல் அஞ்சு சதவீத ஜி.எஸ்.டி. 429. ஆக மொத்தம் 9,009 ரூபாய். கார்டைத் தேய்க்கிற நேரத்தில் சித்தப்பா அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி மகள்தான், பதிமூன்று வயசு, வாய் சும்மா இருக்காது, "தாத்தா, இதுல எத்தனை பிளேட் இட்லி வரும்?" என்று கேட்டுச் சிரித்தாள். அப்போது சித்தப்பா பிளேட் இருபது ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தார். அவர் யோசிக்காமல் சொன்னார்: "நானூத்தம்பது."

அவர் ஒருநாளைக்கு விற்பது நூற்றிருபது பிளேட்டுக்குள். கிட்டத்தட்ட நாலு நாள் வியாபாரம். லாபம் இல்லை, வியாபாரம். எல்லோரும் சிரித்தோம். அவரும்தான் சிரித்தார்.

(நடுவில் ஒரு தகவல். அந்த சர்வீஸ் சார்ஜை பில்லில் தானாகவே சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. ஹோட்டல்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 மார்ச்சில் தில்லி உயர்நீதிமன்றம் ஆணையம் சொன்னது சரி என்று தீர்ப்பளித்தது. அதனால் பில்லில் அந்த வரி இருந்தால் தைரியமாகக் கேளுங்கள். நான் அன்றைக்குக் கேட்கவில்லை. சொந்தக்காரர்கள் முன்னால் 780 ரூபாய்க்கு வாதாடினால் கௌரவம் என்னாவது என்று இருந்துவிட்டேன். அன்றைய என் மனநிலைக்கு இதுவே சாட்சி.)

அடுத்த வருஷம், 2024 தீபாவளி. வழக்கம்போல போன் பண்ணினேன். சித்தப்பாவுக்கு முட்டு வலி, வரவில்லை என்றார்கள். டிசம்பரில் கூப்பிட்டேன். மறுபடி முட்டு வலி. விடிகாலையில் சைக்கிள் மிதிக்கிறவருக்கு சாயந்திரம் டாக்சியில் உட்கார மட்டும் வலிக்கிற முட்டு என்ன முட்டு? சித்தியைப் பிடித்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் மழுப்பிவிட்டு, "தப்பா எடுத்துக்காதய்யா, ஓசியில போய்ச் சாப்பிட்டுட்டு வாற மாதிரி இருக்குன்னு அவிய சொல்லுதாவ" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது முதலில். ஓசியா? பதினாலு மாசம் சோறு போட்டவருக்கு நான் செய்யக் கூடாதா? நேரே கிளம்பிப் போய்க் கேட்டேன். சித்தப்பா கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிராமலேயே சொன்னார்.

"ஏல, நாலஞ்சு வருசமா நீ கூப்பிடுத, நாங்க வாறோம். நான் கூப்பிட்டு நீ வந்தியா?"

அவ்வளவுதான். மேற்கொண்டு ஒரு வார்த்தை இல்லை.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் கூப்பிட்டிருக்கிறார். ஒரு வருஷம் எனக்கு ஆபீசில் ஆடிட். ஒரு வருஷம் வண்டி நிறுத்த இடம் இருக்காது. ஒரு வருஷம், இதை எழுதக் கூசுகிறது, "சின்னவனுக்கு அங்கே தண்ணி ஒத்துக்காது சித்தப்பா" என்று சொல்லியிருக்கிறேன். எந்தத் தண்ணீரைக் குடித்து நான் பதினாலு மாசம் பரணில் படுத்திருந்தேனோ அந்தத் தண்ணீர்.

நான் செய்தது நன்றி இல்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. கடனை ஒரே பக்கமாக அடைத்துக்கொண்டே போனால் அதற்குப் பெயர் கணக்கு முடிப்பது. "உனக்கும் எனக்கும் இனிமேல் பாக்கி இல்லை" என்பதைத்தான் நான் வருஷா வருஷம் கார்டைத் தேய்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு அது கேட்டிருக்கிறது.

நம் ஆட்களுக்கு இது புதுசா என்ன? மொய் நோட்டை நினைத்துப் பாருங்கள். கல்யாண வீட்டு வாசலில் ஒருத்தர் மேசை போட்டு உட்கார்ந்து, இன்ன ஊர் இன்னார் இத்தனை ரூபாய் என்று எழுதுவாரே. புதுக்கோட்டை, பேராவூரணி பக்கம் ஆடி மாசம் மொய் விருந்து என்றே தனியாக நடத்துகிறார்கள். கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். அதில் லட்சக்கணக்கில் சேரும். ஆனால் வாங்கியதை, அடுத்தவர் விருந்து வைக்கும்போது திருப்பிச் செய்தே ஆக வேண்டும். திருப்பி வாங்க மாட்டேன் என்று யாராவது சொன்னால் பெருந்தன்மை என்று யாரும் நினைக்க மாட்டார்கள். "என் உறவே வேண்டாம்னு சொல்லுதான்" என்றுதான் நினைப்பார்கள். பிரான்சில் மார்செல் மோஸ் என்கிற அறிஞர் 1925-லேயே இதை ஒரு நீண்ட கட்டுரையாக எழுதிவைத்தார். கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிக் கொடுப்பது மூன்றுமே கடமை, திருப்பித் தர வழியில்லாத பரிசு வாங்கியவனைச் சிறுமைப்படுத்தும் என்பது அவர் சொன்னதன் சாரம். பாரிஸ் வரை போக வேண்டியதே இல்லை, எங்கள் சித்தப்பா கிரைண்டர் கழுவிக்கொண்டே சொல்லிவிட்டார்.

2025 பொங்கல் ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை. லீவு போட்டுவிட்டுக் குடும்பத்தோடு தாராவி போனேன். பார்க்காதவர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். 90 அடி ரோட்டில் வரிசையாகச் செங்கல் அடுப்பு, வரிசையாகப் பானை, வரிசையாகப் பெண்கள். பக்கத்திலேயே கும்பார்வாடா. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள் பல தலைமுறையாக அங்கே பானை செய்கிறார்கள். குஜராத்திக்காரர் வனைந்த பானையில் திருநெல்வேலிக்காரி மும்பை ரோட்டில் பொங்கல் வைக்கிறாள். என் பையன் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே ரெண்டு தட்டு சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டான். தண்ணீரும் குடித்தான். ஒன்றும் ஆகவில்லை. சித்தி தங்கமணிக்கு ஒரு சேலை வைத்துக் கொடுத்தார். நான் வாயைத் திறந்து "எதுக்கு சித்தி இதெல்லாம்" என்று ஆரம்பித்தேன். தங்கமணி காலை மிதித்தார். மூடிக்கொண்டேன்.

சரி, இதிலிருந்து "சொந்தக்காரர்களைப் பெரிய ஹோட்டலுக்குக் கூட்டிப் போகாதே" என்று நீதி சொல்லப் போகிறேனா? அப்படித்தான் முதலில் நினைத்தேன். இனிமேல் எல்லாம் எளிமை, மாட்டுங்கா இலைச் சாப்பாடு போதும் என்று அறிவித்தேன். தம்பி மகள் முகம் சுருங்கிவிட்டது. "ஏன் பெரியப்பா, நாங்க மட்டும் மால் ஓட்டலுக்கு வரக் கூடாதா?"

நியாயமான கேள்வி. அவளுக்கு அந்த ஹோட்டல் பிடித்திருந்தது. என்ன வேண்டும் என்று ஆங்கிலத்தில் அவளே சர்வரிடம் சொன்னது பிடித்திருந்தது. வசதி குறைந்த சொந்தத்துக்கு எளிமையை நாம் முடிவு செய்து கொடுப்பதும் இன்னொரு வகைத் திமிர்தான். நமக்கு அலுத்துப்போனதை அவர்களுக்கு வேண்டாத விஷயம் என்று எப்படிச் சொல்ல முடியும்? எந்த ஹோட்டல் என்பது பிரச்னையே இல்லை. எப்போதும் ஒரே ஆள் கூப்பிடுவது, ஒரே ஆள் இடத்தை முடிவு செய்வது, ஒரே ஆள் "பில்லை இங்கே கொண்டாங்க" என்று கை தூக்குவது, அதுதான் பிரச்னை.

நண்பர்கள் விஷயம் வேறு. ஆபீஸ் நண்பர்களோடு போனால் சாப்பிட்டு எழுவதற்குள் ஒருத்தன் போனில் தலைக்கு இவ்வளவு என்று பிரித்து அனுப்பிவிடுவான். ஒரு லஸ்ஸி மட்டும் குடித்தவனும் மூணு பியர் குடித்தவனும் சமமாகக் கொடுக்கிற அநியாயம் மட்டும் இல்லாமல் பார்த்துக்கொண்டால், அது நல்ல ஏற்பாடு. அங்கே கணக்கை அன்றைக்கே தீர்ப்பதுதான் மரியாதை. சொந்தத்தில் தீர்க்காமல் வைத்திருப்பதுதான் மரியாதை. கொஞ்சம் பாக்கி அவர் பக்கம், கொஞ்சம் பாக்கி என் பக்கம். அந்தப் பாக்கி இருக்கிற வரைக்கும்தான் "அடுத்து எப்ப வாறீங்க" என்ற கேள்விக்கு அர்த்தம்.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இதுதான். லீவு சீசனில் ஒருமுறை நான் கூப்பிடுவேன், இடத்தைத் தம்பி மகள் முடிவு பண்ணுவாள். ஒருமுறை சித்தப்பா கூப்பிடுவார், இடத்தை அவர் முடிவு பண்ணுவார். அவர் முறை என்றால் என் பர்ஸ் பையை விட்டு வெளியே வரக் கூடாது. "நான் கொடுக்கறேன் சித்தப்பா" என்று பொய்க்குக்கூடக் கையை நீட்டக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் ரொம்பக் கஷ்டம். இருபது வருஷப் பழக்கம், கை தானாகப் போகிறது.

அவர் முதல் முறைக்கு எங்களைக் கூட்டிப்போனது எங்கே என்று சொல்லவே வேண்டாம். அதே மாட்டுங்கா, அதே மாடிப்படி. இந்தத் தடவை ஒன்பது இலைக் கூப்பன். பத்து ரூபாய் நோட்டுக் கட்டு ஒன்று, இருபது ரூபாய்க் கட்டு ஒன்று, ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்திருந்தார். இப்போது அவர் சைக்கிளிலும் க்யூஆர் கோடு ஒட்டியிருக்கிறது. ஆனாலும் அன்றைக்கு நோட்டாகத்தான் கொடுத்தார். சில்லறை கிடைத்ததில் கவுண்டரில் இருந்தவருக்கும் சந்தோஷம்.

ரசம் வந்தபோது என் பையன் பக்கம் குனிந்து, "வாங்கிக்கோடே, கூச்சப்படாத, கூப்பன் வாங்கியாச்சு" என்றார்.

பி.கு.: வருகிற லீவில் நீங்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு போவீர்கள். நல்லது. அதற்கு முன்னால் அவர்கள் கடைசியாக உங்களைக் கூப்பிட்டது எப்போது, நீங்கள் என்ன சாக்கு சொன்னீர்கள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். என் சாக்கைச் சொல்லிவிட்டேன். உங்களுடையது என்ன?